அப்பான்ர கசெட்டுகளை பென் டிரைவுக்கு மாத்தினா சட்டப்படி பிழையோ? கனடாவில அதுக்குக் காசு கட்டுறாங்களாமே

கசெட்பெட்டி, வெள்ளவத்தை:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விசர்க் கேள்வி மாதிரி இருக்கும், பொறுத்துக் கொள்ளுங்கோ.

அப்பான்ர ஆண்டுத்திவசம் முடிஞ்ச கையோட ஃபிளட்டுக்கு பெயின்ட் அடிப்பம் எண்டு அலுமாரி ஒதுக்கினா, மேல் தட்டில பழைய பால்மாப் பெட்டி ஒண்டு நிறைய கசெட். எண்ணிப் பாத்தன், 86. அதுக்குக் கீழ ஒரு பையில சீடி முப்பது சொச்சம். கசெட்டில முக்காவாசி டிடிகே டி60, மிச்சம் மக்ஸல், சோனி. மட்டையில அப்பான்ர கையெழுத்தில ஏ பக்கம், பி பக்கம் எண்டு நீலப் பேனையால பாட்டின்ர முதல் வரி எல்லாம் வரிசையா எழுதியிருக்கு, அவருக்குப் பிடிச்ச பாட்டுக்குப் பக்கத்தில சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி. நாலைஞ்சில வெள்ளையா பூஞ்சணம் பிடிச்சிட்டுது. கடற்கரைப் பக்கம் வீடு, உப்புக் காத்துக்கு இவ்வளவு நாள் தாக்குப் பிடிச்சதே பெரிய விசயம்.

என்ர பிளான் என்னண்டா, எல்லாத்தையும் கொம்பியூட்டருக்கு ஏத்தி நாலு பென் டிரைவில போட்டு எனக்கு ஒண்டு, வவுனியாவில தம்பிக்கு ஒண்டு, டொரொண்டோவில அக்காவுக்கு ஒண்டு, அம்மாவுக்கு டீவியில குத்திக் கேக்க ஒண்டு. இதை வட்ஸ்அப்பில சொல்ல அக்கான்ர மகன் உடன சட்டம் கதைக்கத் தொடங்கிட்டான். "மாமா, கனடாவில பிளாங் சீடி வாங்கேக்கையே லெவி கட்டுறம், அதால இங்க பாட்டு கொப்பி பண்றது சரி, உங்கட நாட்டில அப்பிடி ஒண்டும் இல்லையெண்டா நீங்கள் செய்யிறது களவு" எண்டுறான். எனக்கு விசர் வந்திட்டுது. நாங்களும் பென் டிரைவுக்கு வற் வரி 18 வீதம் கட்டித்தானே வாங்குறம், அது கணக்கில்லையோ? காலி வீதியில ஒரு கடை, கசெட்டுக்கு இவ்வளவு எண்டு வாங்கிக்கொண்டு மாத்திக் குடுக்குது, அங்க குடுத்தாலும் பிழையோ? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

---

புதுக்கடை_காகம்:

முதல்ல வற்றை ஒரு பக்கம் வையுங்கோ. அது திறைசேரிக்குப் போற காசு, பாட்டெழுதினவர் வீட்டுப் பக்கமே போகாது. மருமகன் சொல்ற லெவி வரி இல்லை, அது பாட்டுக்காரருக்குப் போற நட்டஈடு. வெற்று சீடியை இறக்குமதி செய்யிறவன் இல்லாட்டிச் செய்து விக்கிறவன் முன்கூட்டியே கட்டிப்போட்டு உங்கட விலையில ஏத்துவான். இலங்கையில அப்பிடி ஒரு அறவீடு இல்லை.

ஆனா லெவி இல்லாட்டி கொப்பி பண்றது களவு எண்டு பெடியன் முடிவு கட்டினது பிழை. எங்களுக்கு இருக்கிறது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதின்ர 12ஆம் பிரிவை சாதாரணத் தமிழில சொன்னா, வெளியிடப்பட்ட படைப்பு ஒண்டை ஒரு ஆள், சட்டப்படியான பிரதி ஒண்டில இருந்து, தன்ர சொந்தத் தேவைக்கு மட்டும், ஒரேயொரு பிரதி எடுக்கலாம், உரிமையாளரைக் கேக்கத் தேவையில்லை. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. முழுப் புத்தகம், ஸ்வரம் எழுதின இசைக்குறிப்பு, கொம்பியூட்டர் புரோகிராம் மாதிரிக் கொஞ்சச் சாமானுக்கு இந்தச் சலுகை இல்லை, உரிமையாளரின்ர நியாயமான வருமானத்தில கை வைக்கிற மாதிரி எடுத்தாலும் இல்லை. சீடிப் பாட்டை நீங்கள் உங்களுக்கெண்டு ஃபோனுக்கு ஏத்துறது அதுக்குள்ள அடங்கும். பாடினவர், பதிவு செய்த கொம்பனி இவையின்ர உரிமைக்கும் தனிப்பட்ட உபயோகத்துக்கு விலக்கு வேறயா இருக்கு.

இப்ப அந்த வசனத்தைச் சொல்லுச் சொல்லாப் பாருங்கோ, அங்கதான் உங்களுக்குச் சிக்கல். "ஒரேயொரு" பிரதி, நீங்கள் நாலு கேக்கிறியள். "தன்ர சொந்தத் தேவை", தம்பியும் அக்காவும் உங்களுக்குச் சொந்தம்தான், ஆனா சட்டம் கேக்கிற சொந்தம் அது இல்லை. கடைக்காரன் காசுக்கு மாத்திக் குடுக்கேக்க கொப்பி எடுக்கிறது அவன், அவனுக்கு அது தொழில், அவன்ர சொந்தத் தேவை இல்லை. அதை விடப் பெரிய பொறி "சட்டப்படியான பிரதி". அண்ணை, மனதைத் தொட்டுச் சொல்லுங்கோ, அந்த டிடிகே டி60 எல்லாம் கொம்பனி லேபல் அடிச்சு வந்ததோ, இல்லாட்டி லிஸ்ட் எழுதிக் குடுத்து ரெக்கோடிங் பாரில அடிப்பிச்சதோ?

---

கசெட்பெட்டி:

ரெக்கோடிங் பார்தான்! வேற என்ன. அப்பா கொப்பிக் கடதாசியில லிஸ்ட் எழுதிக் குடுப்பார், ரெண்டு மூண்டு நாளால போய் எடுக்கிறது. கடைக்காரர் பி பக்கக் கடைசியில இடம் மிஞ்சினா தன்ர விருப்பத்துக்கு ஒரு பாட்டுப் போட்டு விடுவார், அது பாதியில அறுந்து போகும். இண்டைக்கும் எங்கயாவது அந்தப் பாட்டைக் கேட்டா பாதியில நிக்கப் போகுது எண்டு காது எதிர்பாக்குது.

அப்ப அது முழுக்கக் களவுச் சாமானோ? அப்பா ஒரு நாளும் ரிக்கெட் எடுக்காம பஸ்ஸில போகாத மனுசன் ஐயா.

---

குறுக்குத்தெரு_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நா புறக்கோட்டைல கடை வெச்சீக்கிறன், வாப்பாட காலத்துல ஈந்தே ரேடியோ, கசெட், பொறகு சீடி. ரெக்கோடிங் பார் ஆக்கள்தான் எங்களுக்கிட்ட பெட்டி பெட்டியா வெத்துக் கசெட் எடுத்த. அப்ப ஒத்தனும் இத களவெண்டு நெனச்சல்ல, ஒரிஜினல் வந்தாத்தானே வாங்குற? இந்தியாவுல ஈந்து ஒரு எல்பி ரெக்கோட் வரும், ஊரே அதுல ஈந்துதான் அடிக்கும்.

எனக்கு வெளங்காத ஒண்டு கேக்குறன் காகம் சேர். இப்ப பிளாங் சீடி வாங்க வாறது ரெண்டே ரெண்டு சாதி ஆக்கள்தான், கலியாண வீடியோக்காரன், எக்ஸ்ரே ஸ்கேன் போட்டுக் குடுக்குற எடங்கள். மெமரி காட் கூடவா போறது சீசீடீவிக்கு. நாளைக்கு இங்கயும் லெவி வந்தா, தெரு வாசலப் படம் புடிக்கிற கமராக்காரன் பாட்டுக்காரனுக்கு ஏன் காசு குடுக்க? அந்த வெலய சொல்லி ஏச்சு வாங்குறது நாந்தானே.

---

புதுக்கடை_காகம்:

நானா, நீங்கள் கேட்டதைத்தான் ஸ்பெயினில ஒரு கடைக்காரர் கோட்டில கேட்டவர். படவான் எண்ட கொம்பனி, சீடி, டீவிடி, எம்பி3 பிளேயர் விக்கிறது, அறவீட்டைக் கட்ட மாட்டன் எண்டு நிண்டது. 2010இல ஐரோப்பிய நீதிமன்றம் என்ன சொல்லிச்சுது எண்டா, தனியாள் வாங்கிற சாமானுக்கு அறவிடலாம், அவர் உண்மையில கொப்பி பண்ணினாரோ இல்லையோ எண்டு ஆராயத் தேவையில்லை, ஆனா கந்தோர், வியாபாரம் எண்டு தொழிலுக்கு வாங்கிறதுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி அறவிடக் கூடாது. உங்கட சீசீடீவிக்காரன் பக்கம்தான் தீர்ப்பு. பேந்து ஸ்பெயின் அந்த அறவீட்டையே நிப்பாட்டி அரசாங்கக் காசில குடுத்துப் பாத்தது, அதுவும் 2016இல அதே நீதிமன்றத்தில விழுந்தது, ஏனெண்டா கொப்பியே பண்ணாத வரிகட்டுறவனும் சேந்து கட்ட வேண்டி வருது. 2017இல திரும்பப் பழையபடி சாமானுக்கு மேல.

இந்த லெவி எப்பிடிப் பிறந்தது எண்டு தெரிஞ்சா உங்களுக்கு இன்னும் சுவாரசியமா இருக்கும். ஜேர்மனியில டேப் ரெக்கோடர் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கின காலம். 1955இல அங்கத்தைய உச்ச நீதிமன்றம் வீட்டில உங்களுக்கெண்டு பதிஞ்சாலும் அனுமதி வேணும் எண்டு சொல்லிப்போட்டுது. சரி, ஆனா வீட்டுக்குள்ள ஆர் பதியிறான் எண்டு எப்பிடிப் பிடிக்கிறது? இசைக்காரரின்ர சங்கம், கேமா எண்டு பேர், டேப் ரெக்கோடர் வாங்க வாறவையின்ர அடையாள அட்டையைக் கடையில பதியச் சொல்லிக் கேட்டுது. யோசிச்சுப் பாருங்கோ நானா, உங்கட கடையில ரேடியோ வாங்கிறவனிட்டை ஐசி கேக்கிற மாதிரி. 1964இல நீதிமன்றம் அதுக்கு மாட்டன் எண்டிட்டுது, வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கிற வேலை சரிவராது எண்டு. அடுத்த வருசமே, 1965 சட்டத்தில, வீட்டில பதியலாம், ஆனா மெசின் செய்யிற கொம்பனி விலையில ஒரு பங்கு கட்டோணும் எண்டு முடிச்சுவிட்டாங்கள். வெற்றுக் கசெட்டுக்கும் அது வந்தது 1985இல.

அப்ப அங்க நடந்தது ஒரு பேரம். நான் உன்ர வீட்டை எட்டிப் பாக்க மாட்டன், நீ கசெட் வாங்கேக்க எனக்கு ஒரு சில்லறையை வைச்சிட்டுப் போ, அவ்வளவுதான். எங்கட சட்டத்தில வீட்டை எட்டிப் பாக்கிறதும் இல்லை, சில்லறையும் இல்லை. அந்தச் சில்லறையை ஆர் விட்டுக் குடுத்தது எண்டு யோசிச்சா, பாட்டுக்காரர்தான்.

கசெட்பெட்டி அண்ணை, அப்பாவைக் களவெடுத்தவர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கடைக்காரன் செய்தது அந்த நாளையிலையும் பிழைதான், 1979ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. நான் சொல்றது அந்தக் கசெட் உங்களுக்கு 12ஆம் பிரிவுக் கதவைத் திறக்காது எண்டு மட்டும்தான்.

---

ஸ்காபரோ_மாமி:

நான் முந்திக் கொட்டாஞ்சேனை, இப்ப இஞ்ச வந்து கனகாலம். கசெட்பெட்டித் தம்பி, உங்கட மருமகனுக்கு நான் சொன்னன் எண்டு சொல்லுங்கோ, அவர் பாதிதான் படிச்சிருக்கிறார். இஞ்ச லெவி இருக்கிறது உண்மை. ஒரு பிளாங் சீடிக்கு 29 சதம், அதுக்கு முதல் 21 சதம் எண்டு இருந்தது. ஆனா அது "ஓடியோ ரெக்கோடிங் மீடியம்" எண்டு சொல்ற சாமானுக்கு மட்டும். ஐபொட்டுக்கும் போட வெளிக்கிட்டாங்கள், 2004 கடைசியில மேல்முறையீட்டு நீதிமன்றம் வெட்டிப்போட்டுது, திரும்பக் கேட்டாங்கள், 2008இலையும் வெட்டிப்போட்டுது. மெமரி காட்டுக்குக் கேக்க, 2012இல அரசாங்கமே மைக்ரோ எஸ்டிக்கு விலக்குக் குடுத்திட்டுது. அப்ப என்ன மிஞ்சினது? சீடி. இஞ்ச இப்ப ஆர் பிளாங் சீடி வாங்கினம்? எங்கட கோயிலில திருவிழாப் பதிவைக் குடுக்க வாங்கினவை, அவையும் இப்ப யூடியூப்பில போடினம்.

இன்னொரு கூத்து கேளுங்கோ. இந்தச் சட்டத்தில கொப்பி எடுக்கிற ஆள் தன்ர பாவிப்புக்கு எடுத்தாத்தான் சரி. அதாவது பக்கத்து வீட்டு மனுசி என்ர சீடியை இரவல் வாங்கிக்கொண்டு போய் தானே ஒரு பிளாங் சீடியில அடிச்சா சட்டம் ஒண்டும் சொல்லாது. அதே சீடியை நான் அடிச்சு அவவுக்குக் குடுத்தா பிழை! ஆர் பட்டனை அமத்தினது எண்டதில நிக்குது விசயம். ஃபோனுக்கு ஏத்துறது வேற பிரிவு, அது 2012இல வந்தது, ஒழுங்கா வாங்கின சொந்தப் பிரதியில இருந்து ஏத்தலாம், கொப்பி எடுக்கேலாம கொம்பனி போட்ட டிஜிட்டல் பூட்டை உடைக்கக் கூடாது, அந்தச் சீடியை ஆருக்கும் குடுக்கிறதெண்டா முதல்ல ஏத்தினதை அழிக்கோணும்.

காசு ஆருக்குப் போகுது எண்டும் பாத்தன். பாட்டு எழுதினவை, இசையமைச்சவைக்குப் பாதிக்கு மேல. பாடினவை, பதிவு செய்த கொம்பனியின்ர பங்கு கனேடியருக்கு மட்டும். அதால நாங்கள் இவ்வளவு காலமும் தமிழ்ப் பாட்டு அடிச்ச சீடிக்குக் கட்டின காசில சென்னையில பாடினவைக்கு அந்தப் பங்கால ஒரு சதம் போயிருக்காது. எனக்கு அதுதான் மனவருத்தம்.

---

மிக்சர்_மேசை:

நான் தெஹிவளைல சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருக்கேன், பேர் வேணாம். எல்லாரும் கேக்கிறவங்க பக்கமே நின்னு பேசுறீங்க, அதனால நான் கொஞ்சம் மத்தப் பக்கம் பேசுறேன். ரெண்டாயிரங்கள்ல நாங்க அஞ்சு பேர் சேந்து ஒரு பக்திப் பாட்டு சீடி போட்டோம், சொந்தக் காசு, தபேலாக்காரருக்குக் கடன் வச்சு. ஆயிரம் அடிச்சோம். ஆடிவேல் நேரம் விக்கலாம்னு கதிரேசன் கோயில் பக்கம் போனா, நடைபாதைல எங்க சீடியே எங்க விலைல கால்வாசிக்குப் போய்க்கிட்டு இருக்கு, கவர் ஃபோட்டோகொப்பி, என் மூஞ்சி கறுப்பு வெள்ளைல. ஒண்ணு வாங்கினேன், ஞாபகத்துக்கு. எங்களது 700க்கு மேல வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு.

அது தனிப்பட்ட கொப்பி இல்ல, வியாபாரம், எனக்குத் தெரியும். அதுக்கு 6 மாசம் வரை உள்ள போகலாம், 5 லட்சம் வரை தண்டம்னு சட்டம் சொல்லுது, யார் போய் வழக்குப் போடுறது. நான் சொல்ல வர்றது வேற. எங்க சீடிய ஒருத்தர் காசு குடுத்து வாங்கி காருக்கு ஒண்ணு அடிச்சுக்கிட்டா எனக்கு சந்தோசம்தான், அதுக்கெல்லாம் காசு கேக்க மாட்டேன். ஆனா ஃபிரான்ஸ்ல ஃபோன் 64 ஜிபிக்கு மேலன்னா 14 யூரோ அறவீடு, அதுல கால்வாசிய விழா, மேடை, புதுக் கலைஞர்களுக்குன்னு ஒதுக்கணும்னு சட்டமே இருக்கு. இங்க வருசத்துக்கு எத்தன ஃபோன் இறங்குது? அதுல தலைக்கு அம்பது ரூபா போட்டாலே எத்தன மேடை போடலாம். நானா கோவிச்சுக்காதீங்க.

---

குறுக்குத்தெரு_நானா:

கோவம் ஒண்டும் இல்ல தம்பி, அம்பது ரூவா ஓகே. ஆனா அந்த அம்பது ஒங்கட கைக்கு வருமெண்டு நம்புறீங்களா? இங்க வசூல் பண்ற ஆளுக்குத்தான் மேட போடுவாங்க 😄

---

புதுக்கடை_காகம்:

அந்த ஒரு வரிக்கே நானாவுக்கு எல்எல்பி குடுக்கலாம். லெவி உள்ள ஊரிலையும் சண்டை அதுதான், சேத்த காசை ஆர் ஆருக்குப் பங்கிடுறது எண்டு.

லண்டனில சொந்தக்காரர் இருந்தா இதையும் சொல்லிச் சிரியுங்கோ. அங்க 2014 ஒக்டோபரில தான் காசு குடுத்து வாங்கின சீடியைத் தனக்கெண்டு கொப்பி எடுக்கலாம் எண்டு சட்டம் கொண்டு வந்தவை, லெவி இல்லாம. இசைக்காரர் சங்கங்கள் வழக்குப் போட்டு, நட்டஈடு ஏன் தேவையில்லை எண்டதுக்குச் சரியான ஆதாரம் காட்டேல்லை எண்டு 2015 ஜூலையில நீதிமன்றம் அதை ரத்துப் பண்ணிப்போட்டுது. அப்ப சொந்த சீடியை ஃபோனுக்கு ஏத்துற லண்டன்காரன் கடதாசியில பிழைகாரன், வெள்ளவத்தையில அதையே செய்யிறவன் சுத்தமான ஆள். ஒருத்தரும் பிடிக்கப் போறேல்லை, அது வேற கதை.

லெவி கட்டினா எல்லாம் சரி எண்ட கதையும் 2014இல முடிஞ்சுது. நெதர்லாந்தில களவா ஏத்தின பாட்டை இறக்கினாலும் லெவி இருக்கிறதால பரவாயில்லை எண்டு வைச்சிருந்தவை, ஐரோப்பிய நீதிமன்றம் அது ஏலாது, மூலம் சட்டப்படியானதா இருக்கோணும் எண்டு சொல்லிப்போட்டுது. சுத்திச் சுத்தி எங்கட 12ஆம் பிரிவில இருக்கிற அதே சொல்லுக்குத்தான் வந்து நிண்டது.

அண்ணை, இப்ப உங்கட பெட்டிக்கு வாறன். கொம்பனிக் கசெட், கொம்பனி சீடி எல்லாத்தையும் தனியா எடுத்து வையுங்கோ, அதுகளை நீங்களே, உங்கட வீட்டில, ஒரு பிரதி எடுங்கோ. பழைய பதிவெண்டா ஒலிப்பதிவு உரிமை 50 வருசத்தோட முடியும், ஆனா பாட்டு எழுதினவர், மெட்டுப் போட்டவர் உரிமை அவை செத்து 70 வருசம் வரைக்கும் ஓடும், அதால பழசு எண்டு மட்டும் சொல்லித் தப்பேலாது. ரெக்கோடிங் பார் கசெட்டுக்கு ஒரு வழி சொல்றன், அப்பான்ர லிஸ்ட் கையில இருக்கெல்லோ, முதல் வரி முதல் வரியா அதையே பாத்து காசு கட்டுற மியூசிக் அப் ஒண்டில பிளேலிஸ்ட் போட்டு லிங்கை அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்புங்கோ. சிவப்புப் புள்ளிப் பாட்டு முதல்ல. பாட்டுக்காரருக்கும் ஏதோ கொஞ்சம் போகும்.

---

மிக்சர்_மேசை:

கொஞ்சம்தான் போகும், ஆனா ஓகே 🙂

கசெட் மாத்துறதுக்கு டிப்ஸ். பூஞ்சணம் உள்ளத அப்படியே டெக்ல போட்டுடாதீங்க, ஹெட்டுல ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் பரவும். மாஸ்க் போட்டுக்கிட்டு, ஸ்க்ரூ போட்ட கசெட்னா கழட்டி நாடாவ வேற கூட்டுக்கு மாத்துங்க. ஹெட்ட பட்ஸ்ல ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டு ஒவ்வொரு கசெட்டுக்கும் துடைங்க. ஒருக்கா முழுசா முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிட்டுப் பதிங்க. எம்பி3க்கு நேரா போகாதீங்க, முதல்ல வேவ் ஃபைலா எடுத்து வைங்க. நாடாவ அழுத்துற சின்னப் பஞ்சு கழண்டு விழுந்திருந்தா சத்தம் அடைச்ச மாதிரி வரும், வேற கசெட்ல இருந்து எடுத்து ஒட்டலாம்.

---

கசெட்பெட்டி:

எல்லாருக்கும் நன்றி. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இருந்து பிரிச்சன். கசெட் 86இல கொம்பனி லேபல் போட்டது 11. ரெக்கோடிங் பார் 69. சீடியில ஒரிஜினல் பாதி தேறும், மிச்சம் மிக்சர் மேசை அண்ணைக்கு நடந்த சாதிதான், மன்னிச்சுக் கொள்ளுங்கோ, உங்கட முகம் அதுக்குள்ள இல்லை, பாத்தன்.

கணக்குச் சரிவரேல்லையெல்லோ, மிச்சம் 6. அதுதான் சொல்ல வந்தன். அது பாட்டே இல்லை, கடிதம். தொண்ணூறுகளில ஜேர்மனியில இருந்து சித்தப்பா கசெட்டில கதைச்சு அனுப்புவார், ஆரும் வரேக்க குடுத்து விடுவார். "அண்ணை, சுகமா இருக்கிறியளோ, இஞ்ச சரியான குளிர்" எண்டு தொடங்கி முக்கால் மணித்தியாலம், இடைக்கிடை மூக்குறிஞ்சுற சத்தம், பின்னால ஆரோ சட்டி கழுவுற சத்தம். அப்பாவும் பதிலுக்கு அதே கசெட்டுக்கு மேல பதிஞ்சு அனுப்புறதாம், அம்மா சொன்னா. ரெண்டு பேரும் இப்ப இல்லை.

ஒண்டில அப்பான்ர குரல் அகப்பட்டுது. கசெட் கொண்டு போற ஆள் வந்திட்டுது, இவ்வளவோட நிப்பாட்டுறன் எண்டு சொல்லி டக்கெண்டு பட்டன் அமத்துற சத்தம், அதோட முந்தி அதிலயிருந்த பழைய பாட்டு ஒரு அஞ்சு செக்கன் வந்து நாடா முடியுது. காகம் அண்ணை, அந்த அஞ்சு செக்கனுக்கு ஆரிட்டை அனுமதி கேக்கோணும்?

---

புதுக்கடை_காகம்:

ஒருத்தரிட்டையும் வேண்டாம். இந்த ஆறையும் நாலு இல்லை, நாப்பது பென் டிரைவிலயும் போடுங்கோ. முதல்ல பூஞ்சணம் இல்லாததைத் தொடுங்கோ, பூஞ்சணம் பிடிச்சதை மிக்சர் மேசை சொன்ன மாதிரிக் கூடு மாத்தாம பிளே பண்ணிப் போடாதையுங்கோ.

---

மிக்சர்_மேசை:

அந்த ஆறையும் நீங்க தொடவே வேணாம். தெஹிவளைக்குக் கொண்டு வாங்க, நல்ல டெக் இருக்கு, நான் பண்ணித் தாறேன். காசு வேணாம்.